ஆட்களைப் பேணும் உத்தியோகம்



கடை வைத்திருக்கும் நமக்குச் சரக்கைப் பேணத் தெரியும். கணக்கைப் பேணத் தெரியும். ஆட்களைப் பேணத் தெரியுமா? பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே மனிதவள அதிகாரி என்றோர் உத்தியோகம் உண்டு. ஆள் எடுப்பது, பழக்குவது, சம்பளம் வகுப்பது, விதி எழுதுவது, குறை கேட்பது ஆகியவை அவர் பொறுப்பு. அந்த உத்தியோகம் பார்த்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இன்று பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அவர் பெயர் மேரி பாரா. 1961-ல் அமெரிக்காவில் பிறந்தவர். தகப்பனார் ஜெனரல் மோட்டார்ஸ் கார்க் கம்பெனியில் 39 வருஷம் உழைத்த அச்சுத் தொழிலாளி. மகளும் 1980-ல், 18 வயதில், அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். மட்கார்டுகளில் பழுது உண்டா என்று பார்ப்பது வேலை. அந்தக் கூலியில் படிப்புக்குப் பணம் கட்டினார். பின்னர் எஞ்சினியராகி, தொழிற்சாலை ஒன்றையும் நிர்வகித்தார்.

2009 ஜூன் மாதம் கம்பெனி திவாலாகி, அரசாங்கப் பணத்தால் மீண்டது. அந்த நெருக்கடியான வருஷத்தில்தான் ஆட்களின் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது.

சிப்பந்திகள் எப்படி உடுத்த வேண்டும் என்று அங்கே 10 பக்கத்தில் விதி இருந்தது. அம்மையார் அதை இரண்டே சொல்லாகச் சுருக்கினார்: ‘தகுந்தபடி உடுத்துங்கள்.’ ஒரு மேலாளர் இதை ஆட்சேபித்தார். தம் ஆட்கள் சில வேளை திடீரென்று அரசாங்க அதிகாரிகளைப் பார்க்க நேரும், இந்த விதி போதாது என்றார். ‘உங்கள் ஆட்களிடமே பேசிப் பாருங்கள்’ என்றார் அம்மையார். பேசினார்கள். அதிகாரிகளைப் பார்க்கப் போகும் நாலு பேரும் நல்ல கால்சட்டை ஒன்றை அலமாரியில் வைத்துக்கொள்வது என்று முடிந்தது. யோசிக்க விட்டால் மனிதன் யோசிப்பான் என்பது முதற்பாடம்.

2014 ஜனவரியில் அவரே கம்பெனியின் தலைமைக்கு உயர்ந்தார். பெரிய கார்க் கம்பெனி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவரே. ஆனால், உடனே பெரிய சோதனை வந்தது. சாவி போடும் சுவிட்சு நழுவி, ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும். மோதினால் காற்றுப்பையும் விரியாது. அந்தச் சுவிட்சுக்காக 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 124 உயிர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. பழுது கம்பெனிக்குள்ளேயே சிலருக்குப் பத்து வருஷத்துக்கு மேலாகத் தெரியும். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். வெளியே வந்தபின் ஒருவரும் செய்யமாட்டார்கள். அம்மையார் 15 பேரை நீக்கினார். பழுதைக் கண்டவர் துணிந்து சொல்ல ஓர் ஏற்பாடும் செய்தார்.

விதியைச் சுருக்கினால் மட்டும் போதாது, வாய் திறக்கவும் இடம் வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

இது கார்க் கம்பெனிக்கு மட்டுமா? நம் கடையில் கல்லாவுக்குப் பின்னால் 11 விதிகள் எழுதிய அட்டை தொங்கியது. ஒருநாள் தேதி கடந்த பால்மாவு டின்னை ஒரு தாய் திருப்பிக் கொண்டுவந்து காட்டினார். கடைப்பையன் அதை முன்பே பார்த்திருக்கிறான். நாம் ஏசுவோம் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டான். பிழை அவனதா, நமதா?

அட்டையைக் கழற்றிவிட்டோம். இப்போது இரவில் கடை சாத்துமுன், “இன்று என்ன கண்டாய், தம்பி?” என்று கேட்கிறோம். சொன்னதற்காக ஏசுவதில்லை. சகோதரர்களே, நீங்களும் கேட்டுப் பாருங்கள்.