நாரையும் ரைசோபியமும் – ஓர் ஒப்பு நோக்கு

“ஒரு நீர்ப்பறவையையும் ஒரு மண் பாக்டீரியாவையும் ஒப்பிடுக” என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. மடுவுக்கும் மலைக்கும் ஒப்பா என்று எண்ணினோம். எழுதத் தொடங்கிய பின்னரே உண்மை விளங்கியது.

நாங்கள் எடுத்துக்கொண்ட பறவை, வேடந்தாங்கலுக்கு வரும் நத்தை கொத்தி நாரை. நீளம் ஏறத்தாழ 68 செ.மீ. மூடிய அலகின் நடுவிலும் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது இராது, வளர வளரவே தோன்றும். சேற்று நீரில் நடந்து நத்தைகளைப் பிடித்து உண்ணும்.

பாக்டீரியாவோ ரைசோபியம். ஒரே செல், அதில் உட்கருவும் இல்லை. நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஓரிரு பங்குதான்! நாரை முட்டையிட்டு அடைகாக்கும். இது இரண்டாகப் பிளந்தே பெருகும். 1888-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜெரிங்க் இதை வேர் முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்தார். அவரைக் குடும்பச் செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அதற்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். நாரையின் இரத்தத்தைச் சிவக்கச் செய்யும் ஹீமோகுளோபினுக்கு இது உறவு! ஒற்றுமையின் முதல் நூல் எங்களுக்கு இங்கேதான் கிடைத்தது.

இரண்டாவது ஒற்றுமை நைட்ரஜன். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளின் எச்சம் கலப்பதால் நீரே உரமாகி வயலுக்குப் பாய்கிறது. அவ்வூர் மக்கள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ரைசோபியமும் பயிருக்கு நைட்ரஜன் தருகிறது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. நாரை, நத்தையின் உடலில் ஏற்கெனவே இருந்ததை இடம் மாற்றித் தருகிறது. ரைசோபியமோ, காற்றில் 78 விழுக்காடு இருந்தும் செடிகளுக்கு எட்டாத நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்குகிறது. சமைப்பது பாக்டீரியா; பரிமாறுவது நாரை எனலாம். கூலியாகச் செடி அதற்குச் சர்க்கரைச் சத்தைத் தருகிறது.

யூரியாவை அளவுக்கு மீறி இட்டால் செடி முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். வயலில் நத்தைகளை நஞ்சிட்டு அழித்தால் நாரைக்கு இரை குறையும். நாரை வராவிட்டால் ஊர் அறியும். முடிச்சு குறைந்தால் யார் அறிவார்? ஆகவே தோழியரே, வானத்தை அண்ணாந்து பார்க்கும் நாம், பயற்றஞ்செடி ஒன்றைப் பிடுங்கி அதன் வேரையும் பார்ப்போமாக!