காணிக் கடதாசியில் வரும் ஆங்கிலச் சொற்கள்

முருங்கன், நானாட்டான் பக்கம் திரும்பிக் காணி கேட்போருக்கு, பழகிய ஆங்கிலச் சொல்லே வேறு பொருளில் எதிர்ப்படும். மூன்றைப் படிப்போம்.

1. பிரிஸ்கிரிப்ஷன்: வைத்தியர் எழுதும் மருந்துத் துண்டு. காணி வழக்கிலோ, பிறருடைய தனியார் காணியை 10 ஆண்டு தடையின்றி, உரியவருக்கு எதிராக ஆண்டு பெறும் உரிமை. இது 1871ஆம் ஆண்டுச் சட்டம். போரால் இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இல் தனிச் சட்டம் வந்தது. வழக்கிடக் கால எல்லையும் வைத்தது. ஆகவே சுணங்காமல் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

2. ஏலியனேஷன்: பொதுவாக, அந்நியப்படுதல். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், அரச காணியை மக்களுக்கு வழங்குதல்.

3. சக்ஸெசர்: பதவியில் அடுத்து வருபவர். பெர்மிட் காணியில், உரியவருக்குப் பின் அதைப் பெறுபவர்.

பயிற்சி: உங்கள் பெர்மிட்டை எடுங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதிவாகியுள்ளதா? இல்லையெனில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.