நீருக்கடியில் ஓர் ஊர்: வாழ்த்து மடல் செய்வோம்



நீருக்கடியில் உள்ள காட்சி ஒன்று வரையுங்கள் என்றால், மலையகப் பிள்ளைகளும் பவளப்பாறையும் நட்சத்திர மீனும் சுறாவுமே வரைகிறார்கள். கடையில் விற்கும் மடலில் அப்படித்தான் இருக்கிறது. அது பிழையல்ல. ஆனால் மஸ்கெலியாப் பக்கத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே, தண்ணீருக்குள் ஓர் ஊரே இருக்கிறதே! அதை நாம் வரையாவிட்டால் வேறு யார் வரைவார்கள்?

களனி கங்கையின் இரு தலையாறுகள் கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலி ஓயாவும். மின்சாரத்திற்காக முன்னதை மறித்து 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், பின்னதை மறித்து 1969 இல் மவுஸ்சாகலை நீர்த்தேக்கமும் கட்டப்பட்டன. மவுஸ்சாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. இன்றைய நகரம் மேட்டில் புதிதாக எழுந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும்.

இம்மடலை யாருக்கு அனுப்புவது? 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்ற உறவினர் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. அவர்களில் பலர் நீலகிரியில், தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்காக 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அங்கேயுள்ள ஒரு பெரியப்பாவோ அத்தைப்பாட்டியோ சிறுவயதில் பழைய மஸ்கெலியாக் கடைவீதியில் நடந்திருக்கலாம். அவர்களுக்குப் பவளப்பாறை எதற்கு?

தடித்த வெள்ளைக் கடதாசி ஒன்றை, 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமுமாக வெட்டுங்கள். குறுக்கே மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி வையுங்கள். முன்பக்கத்தில் அமைதியான நீர்ப்பரப்பும் சுற்றிலும் தேயிலை மலைகளும் மட்டும். தாளை மேலே தூக்கினால்தான் அடியில் உள்ளது தெரிய வேண்டும். தண்ணீரையே தூக்கிப் பார்ப்பது போல இருக்கும்.

இனி உள்ளே. முதலில் பென்சிலால் கோயிலையும் கடைகளையும் மெல்லக் கீறுங்கள். பிறகு வெள்ளை மெழுகுதிரித் துண்டு ஒன்றை எடுத்து, மேலிருந்து சரிந்து இறங்கும் வெயில் கதிர்களையும் மீனின் வயிற்றையும் அழுத்தி வரையுங்கள். வெள்ளைத் தாளில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம். கடுஞ்சாயத்தண்ணி, பால் சீனி இல்லாமல், ஆறவைத்துத் தூரிகையால் தாள் முழுவதும் பூசுங்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது. கதிர்கள் வெள்ளையாக எழும்பி வரும். காய்ந்தபின், வர்ணப் பெட்டியிலுள்ள நீலத்தோடு சிறிது மஞ்சள் கலந்து, நீர்க்கச் செய்து மேலே பூசுங்கள். நம் நீர்த்தேக்கங்களின் நிறம் கடல் நீலமல்ல, மண் கலந்த பச்சை. அதற்குச் சாயத்தண்ணியை விடப் பொருத்தமான வர்ணம் எந்தப் பெட்டியிலும் கிடையாது.

நம் மழைக்குளிரில் தாள் எளிதில் காயாது. அதற்காக அடுப்புக்கு அருகே கொண்டுபோனால் மெழுகு உருகி, பட்ட பாடெல்லாம் வீண். இரவு முழுதும் விரித்து வையுங்கள். காய்ந்த பிறகு கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் சுருக்கம் நீங்கும்.

கோயில் சுவரின் காவிப் பட்டையைப் பளிச்சென்று சிவப்பாகத் தீட்டப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். வேண்டாம். தண்ணீருக்குள் இறங்க இறங்க முதலில் மறைவது சிவப்பொளிதான். அடியில் அது கபிலமாக மங்கிவிடும். அருகில் உள்ளதைத் தெளிவாகவும், தூரத்தில் உள்ளதை நீரோடு கரைந்தாற்போலவும் தீட்டினால் ஆழம் தானே வரும்.

மீனின் வாயிலிருந்து குமிழிகளை வரிசையாக விடுவதும் வழக்கமாகிவிட்டது. மீன் மூச்சு விடுவது பூக்களால். நம்மைப்போல் காற்றை ஊதுவதில்லை. குமிழி வேண்டுமானால் அடிச்சேற்றிலிருந்தோ நீர்ச்செடியின் இலையிலிருந்தோ எழுப்புங்கள். எந்த மீன் என்று கேட்டால் திலாப்பியா வரையுங்கள். அதுவும் கடல் கடந்து வந்ததுதான். ஆபிரிக்க மீன், 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. முதுகு கருமையாக, வயிறு வெளிறி இருக்கட்டும்.

தூக்கும் தாளின் உட்பக்கத்தில் நத்தார் வாழ்த்தும், வீட்டுச் செய்தி நான்கு வரியும் பிள்ளையின் கையெழுத்தில் வரட்டும். அச்சிட்ட வாசகத்தைப் பார்த்து எழுத வேண்டாம்.

தபாலில் சேர்க்குமுன் தோட்டத்திலுள்ள வயோதிபர் ஒருவரிடம் காட்டுங்கள். “கோயில் இந்தப் பக்கம் இல்லை, பள்ளிவாசல் இன்னும் கொஞ்சம் தள்ளி” என்று அவர் திருத்தக்கூடும். ஆகவே கடதாசி வாங்கும்போதே இரண்டாக வாங்கி வையுங்கள்.