முகாம் வண்டிகளுக்குப் படியும் கைப்பிடியும்

ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் வண்டிகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. கொல்கத்தாவிலுள்ள பிர்லா தொழில் அருங்காட்சியகம் 1965ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானக் காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2005இல் தோற்றுவிக்கப்பெற்ற தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் நடமாடும் மருத்துவ வண்டிகள் பல மாநிலங்களில் ஓடலாயின. உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள சுற்றுலா வண்டிகளுக்கெனக் கேரள அரசு 2021இல் தனிக் கொள்கையே வகுத்தது. நில அளவை, மண் ஆய்வு, கால்நடை சிகிச்சை முதலிய பணிகளுக்காக வெளியூர்களில் பல நாள் தங்கும் ஊழியர்களும், சாதாரண வேன் ஒன்றைத் தமக்கேற்ப மாற்றியமைத்து உபயோகிப்பதுண்டு. இவை யாவற்றையும் இங்கு முகாம் வண்டி என்றே குறிப்போம்.

இத்தகைய வண்டியை அமைக்கும்போது கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு ஆகியவற்றைக் குறித்து நெடுநேரம் ஆலோசனை நடைபெறும். ஏறி இறங்கும் வழி மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் நினைவிற்கு வரும். வண்டித் தளத்தின் உயரத்தைச் சக்கரமும் பட்டைவில்லும் நிர்ணயிக்கின்றனவேயன்றி மனிதனின் கால் நிர்ணயிப்பதில்லை. படி தேவையில்லை என்று தீர்ப்பளிப்பவர், ஒரே தாவில் ஏறிவிடும் இளைஞராகவே இருப்பார். ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு வரும் மூதாட்டியோ, கர்ப்பிணியோ, கையில் பெட்டியுடன் நாளொன்றுக்கு முப்பது முறை ஏறி இறங்கும் உதவியாளரோ அத்தீர்ப்பை ஏற்கமாட்டார்கள். வண்டி ஊருக்கு வந்தும் அதனுள் ஏற இயலாமல் ஒருவர் திரும்பிச் செல்வாராயின், அவரளவில் அவ்வண்டி வராததற்கே சமம்.

படியின் கணக்கு

மாடிப்படி அமைப்போர் பழங்காலமுதல் பின்பற்றிவரும் விதி ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டுச் சிற்பநூல் அறிஞரான பிளாண்டெல் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி அது. ஒரு படியின் உயரத்தை இரட்டித்து, அத்துடன் மிதிபரப்பின் அகலத்தைக் கூட்டினால் வரும் தொகை, ஒரு சாதாரண நடையடியின் நீளத்திற்கு, அதாவது ஏறத்தாழ 63 செ.மீ.க்குச் சமமாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். உயரம் 17 செ.மீ., அகலம் 29 செ.மீ. எனக் கொண்டால் தொகை 63 ஆகும். கால் இதனைச் சிரமமின்றி ஏற்றுக்கொள்ளும்.

இவ்விதியை வண்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். தளம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்க. படியே இல்லையாயின் எழுபதையும் ஒரே எட்டில் ஏறவேண்டும். நடுவே ஒரு படி வைத்தால் 35 செ.மீ. வீதம் இரண்டு எட்டுகள். இதுவும் முதியோருக்கு மிகுதியே. இரண்டு படிகள் வைத்தால் எட்டொன்றிற்கு 23 செ.மீ. சற்றே கூடுதலாக வரும். இது தாங்கக்கூடிய உயரந்தான். ஆனால் மேற்கண்ட விதிப்படி மிதிபரப்பின் அகலம் 16 செ.மீ. அளவிற்குக் குறைந்துவிடுகிறது. வளர்ந்தவரின் பாதமோ ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுடையது. ஆகவே ஏறும்போது பாதத்தின் முற்பகுதி மட்டுமே படியில் அமரும். முன்னோக்கி இறங்கும்போது குதிகால் மட்டுமே அமரும்.

படி செங்குத்தாக அமைய அமைய, கால் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கைக் கை ஏற்க நேரிடுகிறது. மாடிப்படியில் கைப்பிடி ஒரு துணை. ஏணியிலோ அது ஏறுதலின் இன்றியமையாத பகுதி. வண்டிப் படி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. எனவே படியையும் கைப்பிடியையும் தனித்தனிச் சாமான்களாகக் கருதாமல் ஒரே சாதனத்தின் இரு பாகங்களாகக் கருதுவதே முறை. இரண்டும் ஒரே நாளில் பொருத்தப்பெறவேண்டும். கைப்பிடிக்கு அடுத்த ஆண்டு பணம் ஒதுக்கப்படும் என்று காத்திருப்பது சரியன்று.

மடக்குப் படியாக அமைத்தால் மிதிபரப்பை 25 செ.மீ. வரை விரிக்கலாம். இடம் அனுமதிக்குமாயின் இதுவே சிறந்தது. வேறொன்றும் கவனிக்கத்தக்கது. நம் சாலைகளில் தார்ப்பரப்பைவிட ஓரத்து மண்பகுதி பலவிடங்களில் தாழ்ந்திருக்கும். வண்டியின் கதவோ இடப்புறத்தில் அம்மண்பகுதியை நோக்கியே திறக்கும். பட்டறையின் சமதளத்தில் அளந்த 70 செ.மீ., பணியிடத்தில் 80 ஆகிவிடுவது இதனாலேயே. அளவெடுக்கும்போது வண்டி வழக்கமாக நிற்கும் இடத்திலேயே அளத்தல் நன்று. சாமான்கள் ஏற்றப்பட்ட நிலையில் அளக்கவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. பட்டைவில் அமிழும்போது தளமும் தாழும்.

இறங்குதலே கடினம்

ஏறும்போது கண் படியைக் காண்கிறது. தவறினாலும் உடல் வண்டியின் பக்கமாகவே சாயும். இறங்கும்போது இவ்விரு அனுகூலங்களும் இல்லை. 45 செ.மீ. உயரத்திலிருந்து குதிப்பவர் தரையைத் தொடும்போது அவருடைய வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். அவர் முழங்காலை மடக்கி 15 செ.மீ. தூரத்தில் அவ்வேகத்தைத் தணித்தால், கால்கள் உடல் எடையைப்போல் நான்கு மடங்கு விசையைத் தாங்குகின்றன. முழங்கால் சரியாக மடங்காத முதியவர் 5 செ.மீ. தூரத்திற்குள் நின்றுவிட்டால் விசை பத்து மடங்காகிறது. உயர்நிலை வகுப்பு மாணவரே இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

ஆகவே கைப்பிடியின் இடத்தைத் தீர்மானிக்கும்போது உள்ளே நின்று வெளியே பார்ப்பவரை முதலில் நினைக்கவேண்டும். தளத்தின் விளிம்பில் நிற்பவர் குனியாமலேயே பிடிக்கத்தக்கதாக, தளத்திற்கு மேல் 90 செ.மீ. வரையேனும் பிடிகம்பி நீண்டிருத்தல் அவசியம். அதன் கீழ்முனை, தரையில் நிற்பவரின் கைக்கு எட்டவேண்டும். பள்ளிச் சிறுவரும் ஏறும் வண்டியாயின் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்திலேயே தொடங்கலாம். இடையில் கையை விடாமல் நகர்த்திக்கொண்டே வரக்கூடிய ஒரே நீண்ட கம்பி, இரண்டு சிறு பிடிகளைவிட மேலானது.

கதவின் இரு பக்கங்களிலும் கம்பி வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் தனிக் காரணம் உண்டு. சேலை அணிந்தவர் ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாலன்றி ஏற இயலாது. வேட்டி கட்டியவர் நிலையும் அதுவே. இடுப்பில் குழந்தை இருக்குமாயின் எந்தக் கை ஒழிந்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை. இதே காரணத்தால் படியின் மூலைகளும் போல்ட்டு முனைகளும் துணியில் மாட்டாதவாறு உருட்டி மழுக்கப்பெறவேண்டும்.

கம்பியின் விட்டம் 3 முதல் 4 செ.மீ. இருக்கலாம். இதனினும் பருத்தால் விரல்கள் சுற்றி வளைக்கமாட்டா. மெலிந்தால் உள்ளங்கையை உறுத்தும். கம்பிக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே 4 அல்லது 5 செ.மீ. இடைவெளி விட்டால் விரல்முட்டி இடிபடாது. செங்குத்துக் கம்பியில் கை நழுவாதிருப்பது உராய்வினால் மட்டுமே. வியர்வையோ மழைநீரோ பட்டால் பிடிமானம் குறையும். கிடைக்கம்பியிலோ விரல்கள் கொக்கிபோல் வளைந்து எடையைத் தாங்கும். ஆதலால் செங்குத்துக் கம்பியின் மேற்பகுதியைச் சற்று உட்புறமாகச் சாய்த்தோ, உள்ளே ஒரு சிறு கிடைப்பிடி சேர்த்தோ அமைப்பது புத்திசாலித்தனம். கைப்பிடியைக் கதவிலேயே பொருத்துவது மட்டும் கூடாது. நம்பிப் பிடிப்பவரையும் இழுத்துக்கொண்டு கதவு சுழன்றுவிடும்.

நெம்புகோல் செய்யும் வேலை

80 கிலோகிராம் எடையுள்ளவர், வண்டிப் பக்கத்திலிருந்து 20 செ.மீ. வெளியே நீண்ட படியின் விளிம்பில் நிற்பதாகக் கொள்வோம். படியைத் தாங்கும் இரும்பு, ஒன்றன்கீழ் ஒன்றாக 8 செ.மீ. இடைவெளியில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. எண்பதை இருபதால் பெருக்கி எட்டால் வகுத்தால் 200 வரும். அதாவது மேல்வரிசைப் போல்ட்டுகளை 200 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை வெளியே இழுக்கிறது. அவர் மெல்ல ஏறாமல் திடீரென முழு எடையையும் வைத்தால் இவ்விசை ஏறத்தாழ இருமடங்காகும். இதே படிக்கு, 25 செ.மீ. கீழிருந்து ஒரு சாய்வுத் தாங்கி கொடுத்தால் 200 என்பது 64 ஆகக் குறைந்துவிடும். தடித்த இரும்பைத் தேடி அலைவதைவிட இச்சாய்வுத் தாங்கி மலிவானது.

வகுப்பறையில் இதனைக் காட்டுவது எளிது. மரச்சட்டம் ஒன்றைத் தூணில் கீழ்முனை மட்டும் கீல் போட்டு நிறுத்தி, அதன் நடுவிலிருந்து ஒரு குச்சியைப் படிபோல் வெளியே நீட்டவேண்டும். சட்டத்தின் மேல்முனையைச் சுருள்வில் தராசின் வழியாகத் தூணுடன் கட்டுக. குச்சியில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தூணுக்கு அருகிலும் பின் விளிம்பிலும் தொங்கவிட்டுத் தராசைப் படிக்கச் சொன்னால், மாணவர் திருப்புத்திறனை மனப்பாடம் செய்யவேண்டியிராது.

கைப்பிடியின் கணக்கு வேறு வகையானது. படியில் நின்று, கம்பியைப் பற்றிப் பின்னால் சாய்பவரின் புவியீர்ப்பு மையம் பாதத்திற்கு 30 செ.மீ. பின்னே இருக்க, கை பாதத்திற்கு 120 செ.மீ. மேலே இருக்குமாயின், கம்பியின்மேல் விழும் இழுப்பு 20 கிலோகிராம் எடைக்கே சமம். தினந்தோறும் நேர்வது இவ்வளவே. ஆனால் கால் வழுக்கிய கணத்தில் முழு எண்பதும், அதற்கு மேல் ஒரு குலுக்கலும் அக்கம்பிக்கு வந்து சேரும். நூறு நாள் உறுதியாயிருந்த கைப்பிடி, தேவைப்பட்ட நாளில் கையோடு பெயர்ந்து வருவதன் இரகசியம் இதுதான். வழுக்கும் நாளுக்கெனவே அதனை அமைக்கவேண்டும்.

தகட்டிற்குப் பின்னால்

வேனின் வெளித்தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதில் முடுக்கும் தகட்டுத் திருகின் ஒரு சுற்று மட்டுமே இரும்பைப் பற்றியிருக்கும். அழகான கைப்பிடியை நான்கு திருகுகளால் இவ்வாறு பொருத்துவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். கைப்பிடி இல்லாவிடில் ஒருவர் எச்சரிக்கையாகவேனும் இறங்குவார். ரிவெட்டுகளும் பக்கவாட்டு விசையைத் தாங்குமளவிற்கு வெளியிழுப்பைத் தாங்கமாட்டா.

சரியான முறை, முழுவதும் ஊடுருவும் போல்ட்டு, உட்புறத்தில் 3 மி.மீ. தடிப்பும் உள்ளங்கையகலமும் கொண்ட எஃகுத் தகடு, அதன்மேல் வாஷரும், அதிர்வில் கழலாத நைலான் வளைய நட்டும் வைத்து முடுக்குவதாகும். இயன்றவரை தகட்டை உடற்சட்டத்தின் விலாவெலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களுடன் இணைத்தல் வேண்டும். துளையிடுமுன் உட்பூச்சைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். கதவருகிலுள்ள தூண்களினூடே மின்கம்பிகள் செல்லும், புதிய வண்டிகளில் காற்றுப்பையும் இருக்கக்கூடும். அடிச்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடலாகாது. அங்குதான் வளைவிசை மிகுதி. பற்றவைப்பு வேலை நடக்கும்போது பாட்டரியின் இணைப்பை நீக்கிவிடவேண்டும்.

மிதிபரப்பு எதனால் ஆகவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பட்டறைகளில் செக்கர் பிளேட் எனப்படும் மேடிட்ட தகடு எளிதில் கிடைப்பது. வலைத்தகட்டில் சேறு கீழே விழுந்துவிடும். எனினும் கிராமத்தார் பலர் செருப்பைக் கீழே கழற்றிவிட்டே வண்டியில் ஏறுகின்றனர். சித்திரை வெயிலில் காய்ந்த இரும்பும், வலைத்தகட்டின் கூர் விளிம்பும் வெறுங்காலுக்கு என்ன செய்யும் என்று சொல்லவேண்டுவதில்லை. வரியிட்ட ரப்பர் விரிப்பை ஒட்டிக் கொடுப்பதே பொருத்தமானது. படியின் விளிம்பில் மஞ்சள் பட்டையும், மேலே ஒரு சிறு விளக்கும் இருந்தால் மாலை நேர முகாம்களில் உதவும்.

சட்டமும் எல்லையும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. நிலையாக வெளியே நீண்டிருக்கும் படி வண்டியின் அகலத்தை மாற்றக்கூடும். ஆதலால் வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் உசிதம். மடக்குப் படியை மடக்க மறந்து வண்டியை எடுப்பது பொதுவான விபத்து. படி விரிந்திருக்கும்வரை ஓட்டுநர் முன் சிவப்பு விளக்கு எரியுமாறு ஒரு விசையை இணைத்துவிடலாம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பழைய வாகனங்களையும் இயன்ற அளவில், பெரிய கட்டமைப்பு மாற்றமின்றி அவர்களுக்கேற்பத் திருத்தியமைப்பது பற்றிப் பேசுகிறது. படியும் கைப்பிடியும் ஊன்றுகோலுடன் நடப்பவருக்கு வழி திறக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் திறக்கா. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் சாய்தளம் அமைத்தால் 70 செ.மீ. தளத்திற்கு 8.4 மீட்டர் நீளம் வேண்டும். வண்டியே அவ்வளவு நீளமிராது. அத்தகையோருக்கு வண்டியின் பக்கத்தில் பந்தல் விரித்துப் பணியைத் தரைக்குக் கொண்டுவருவதே தக்கது. இதற்கென ஒரு மடக்கு மேசையை வண்டியிலேயே வைத்திருக்கலாம்.

பொருத்திய பின் மாதம் ஒருமுறை சோதனை தேவை. ஒருவர் வெளியே கம்பியை முழு பலத்துடன் ஆட்ட, மற்றொருவர் உள்ளே நட்டின்மீது விரல் வைத்திருந்தால் சிறு அசைவும் புலப்படும். கடற்கரையோர மாவட்டங்களில் துருவும் சேர்ந்துகொள்ளும். அலுமினியக் கைப்பிடியை எஃகுத் தகட்டில் நேராக அமர்த்தாமல் நடுவே ரப்பர் வைப்பது இதற்காகவே. போல்ட்டின் கீழே வண்ணத்தின்மேல் பழுப்புநிறக் கோடு ஒன்று வழிந்திருக்கக் கண்டால், துளையில் நீர் இறங்கிவிட்டது என்று பொருள். வெளியே துடைத்து வண்ணம் பூசாமல், உட்புறத் தகட்டைக் கழற்றிப் பார்த்து, துருவைச் சுரண்டி, அடிப்பூச்சும் நீர்காப்புப் பசையும் இட்டுப் புதிய நட்டினால் மீண்டும் முடுக்குக.