ஸ்டிச் பால் பேட்ச்சுக்குப் போகும் கண்ணுக்கு

அன்புள்ள கண்ணு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாமக்கல்லில் உன்னைப் பெரிய பிள்ளைகளின் கிரிக்கெட் பேட்ச்சில் போட்டிருக்கிறார்கள் என்று உங்கப்பன் போனில் சொன்னான். சொல்லிவிட்டு, "சரியாவே சாப்பிட மாட்டேங்கறா அக்கா" என்றான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். மேல் பேட்ச்சுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வயிறு இப்படிக் கலங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். புதுச்சத்திரத்தில் நீதான் கெட்டிக்காரி. நாமக்கல்லில் கடைசி ஆளாக நிற்க வேண்டியிருக்குமே என்பதுதானே பயம்? ஆமாம், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் நிற்பாய். உன் ஆட்டம் குறைந்துபோனதால் அல்ல, பந்து மாறிவிட்டதால்.

நீ இதுவரை ஆடிய டென்னிஸ் பால் 60 கிராம்கூட இருக்காது. உன் வயதுப் பிள்ளைகளுக்கான ஸ்டிச் பால் 133 முதல் 144 கிராம் வரை, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். டென்னிஸ் பால் தரையில் பட்டதும் உயரமாக எழும்பும், அதனால் உன் மட்டை தானாக மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்டிச் பால் அவ்வளவு எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். முதல் நாள் நாலைந்து பந்து மட்டைக்கு அடியில் போய் ஸ்டம்பைத் தட்டினால் அதற்கு இதுதான் காரணம். முகம் சுருங்காமல் அடுத்த பந்துக்கு நில்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவை ஒரு ஸ்டிச் பால் வாங்கிவரச் சொல். உடனே வாசலில் ஆட ஓடாதே. கையில் வைத்துப் பார். நடுவில் ஆறு வரிசைத் தையல் மேடாக ஓடும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்தத் தையலுக்கு இரண்டு பக்கமும் வைத்து, கட்டை விரலைக் கீழே கொடுத்துப் பிடி. தையல் நேராக நின்று தரையில் பட்டால் பந்து அங்கிருந்து விலகும். டென்னிஸ் பாலில் இந்தப் பிடிமானமே கிடையாது. பிறகு மேலே போட்டுப் போட்டுப் பிடி. பந்து உள்ளங்கையில் படும்போதே கையை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொள். விறைப்பாக நீட்டினால் விரல் வீங்கும், பந்தும் தெறித்துப்போகும். எப்போதும் பந்தைப் பார்த்துக்கொண்டே பிடி. பயந்து முகத்தைத் திருப்பும்போதுதான் அடிபடுகிறது.

பந்துவீச்சாளர் நடராஜனை, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்காரர், டி.வி.யில் பார்த்திருப்பாய். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் சிக்கன் கடை போட்டவர். இருபது வயது வாக்கில்தான் சென்னைக்குப் போய் முறையான ஸ்டிச் பால் ஆட்டத்துக்கு வந்தார். அதுவரை ஊரில் டென்னிஸ் பால்தான். அந்த ஆட்டத்தில் பந்து கொஞ்சம் முன்னால் விழுந்தாலும் தூக்கி அடித்துவிடுவார்கள். மட்டைக்காரர் காலடியில் போடுகிறவன்தான் தப்பிப்பான். அவருடைய யார்க்கர் அங்கே பழகியது.

2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் பெங்காலுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு ஆடினார். அவ்வளவு உயரத்துக்குப் போன அந்த முதல் ஆட்டத்திலேயே, அவர் பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் எழுந்தது. வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. கை வீச்சையே திருத்திப் பழகினார். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து டி-20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அந்தப் பயணத்துக்கு முதலில் அவரை எடுத்தது நெட்டில் பந்து போடத்தான்!

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று. கை வீச்சை மாற்றினார், யார்க்கரை விடவில்லை. உன்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. பவுண்டரியிலிருந்து குறி தவறாமல் ஸ்டம்புக்கு எறிகிறாயே, அதைப் பெரிய பிள்ளைகள் எல்லாரிடமும்கூடப் பார்க்க முடியாது. அதை விட்டுவிடாதே. ஆனால் கனமான பந்து, தோள் பழக வேண்டும். தொடக்கத்தில் பாதித் தூரத்திலிருந்து எறி. தோள் வலித்தால் மறைக்காமல் கோச்சிடம் சொல்லிவிடு. ஹெல்மெட் இல்லாமல் நெட்டுக்குள் போகவே கூடாது. "ரெண்டு பந்துதானே" என்று யார் சொன்னாலும் சரி. இதில் நான் கண்டிப்பாகத்தான் இருப்பேன்.

பேட்ச்சில் நீ ஒருத்திதான் பெண் பிள்ளை என்றும் கேள்விப்பட்டேன். ஹரியானாவின் ரோத்தக்கில் ஷஃபாலி வர்மா தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடிப் பழகியவர். 15 வயதில் இந்தியாவுக்கு ஆடினார். 2025 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 87 ரன் அடித்தார். நீ முடி வெட்டத் தேவையில்லை. இரட்டைப் பின்னலோடு போ.

உங்கப்பனுக்கும் ஒரு சேதி: நெட்டுக்குப் பின்னால் நின்று "அடி, அடி" என்று கத்த வேண்டாம். வெளியே டீ குடித்துக்கொண்டு இருக்கட்டும்.

காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போ. வரிசையில் கடைசியில் நிற்க வைத்தால், உனக்கு முன்னால் ஆடுகிறவர்களில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர் கால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிரு. புரியாததை அன்றைக்கே கோச் சாரிடம் கேட்டுவிடு. திங்கட்கிழமை போன் பண்ணு. எத்தனை ரன் என்று கேட்க மாட்டேன். யாரைப் பார்த்தாய், அவர் கால் எங்கே போனது என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
உன் அத்தை