பழைய பேஸ் கிதார் வாங்குகிறீர்களா? நீலகிரி வீடுகளுக்கு 18 குறிப்புகள்

இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸையும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அடிநாதத்தை ஒரு பழைய கருவியில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் நிறைய. நீலகிரியிலோ உறைவிடப் பள்ளிகள், தேவாலயப் பாடகர் குழுக்கள், எஸ்டேட் கிளப்புகள் என்று மேற்கத்திய இசை நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. வீட்டைக் காலி செய்து கீழே போகிறவர்கள் பழைய பேஸ் கிதாரை விலைக்குத் தருவது இங்கே அதிசயமில்லை. ஆனால் பழசு என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கருவிக்கும் மதிப்பு வந்துவிடாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாறாமல் இருக்கும் பழசுக்குத்தான் விலை. அதைக் கண்டுபிடிக்கவும், வாங்கிய பிறகு மலைக்குளிரில் காப்பாற்றவும் இந்தக் குறிப்புகள் உதவும்.

வாங்கப் போகும் முன்

1. சில வருடங்களை மனதில் வையுங்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப், இரண்டு துண்டாகப் பிரிந்த வடிவில், அதில் 1957-ல் சேர்ந்தது. ஜாஸ் பேஸ் 1960-ல், ரிக்கன்பேக்கர் 4001 மாடல் 1961-ல், மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976-ல் வந்தன. யாராவது '1955 ஜாஸ் பேஸ்' என்று காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

2. 1965 ஒரு எல்லைக்கோடு. அந்த ஆண்டு ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். கைக்குப் போனது. அதற்கு முந்தைய கருவிகளைச் சேகரிப்பாளர்கள் தனியாக மதிக்கிறார்கள், விலையும் பல மடங்கு. அதனால் போலித் தேதியும் அங்கேதான் அதிகம். 1966 கருவியை 1964 என்று சொல்வதில் விற்பவருக்குப் பெரிய லாபம் இருக்கிறது.

3. ஜப்பான் கருவிகளை ஒதுக்காதீர்கள். 1991-க்கு முன் நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. வெளிநாட்டுக் கருவிகள் பெரும்பாலும் கப்பல் வேலைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் கையோடு வந்தவை. 1970, 80-களின் ஐபனேஸ், 1977-ல் தொடங்கிய யமஹா பி.பி. வரிசை, 1982 முதல் வந்த ஜப்பான் ஃபெண்டர் ஆகியவை வேலைப்பாட்டில் அமெரிக்கக் கருவிகளுக்குக் குறைந்தவை அல்ல. வரிசை எண் 'ஜே.வி.' என்ற எழுத்துகளில் தொடங்கும் ஜப்பான் ஃபெண்டருக்கு இன்று உலகெங்கும் கிராக்கி. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய நல்ல பழைய பேஸ் இந்த வகைதான்.

4. பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கிப்சன் அமெரிக்க நிறுவனம். கிவ்சன், கிப்டோன் ஆகியவை கொல்கத்தாவில் செய்யப்பட்டவை. நம் நாட்டில் எத்தனையோ பேர் கிதார் பழகியது இந்தக் கொல்கத்தா கருவிகளில்தான். பழகுவதற்கும் நினைவாக வைத்திருப்பதற்கும் தாராளமாக வாங்கலாம். சேகரிப்பாளர் விலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

5. இஞ்ச் டேப் கையில் இருக்கட்டும். தலைப்பக்கம் கம்பிகள் படிந்திருக்கும் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்குக் கம்பி) வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். பிரிசிஷனும் ஜாஸும் 34 அங்குலம். 1966-ல் வந்த மஸ்டாங் பேஸ் 30 அங்குலம். சிறு பிள்ளைகளின் கைக்கு 30 அங்குலக் கருவியே வசதி.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

6. முதலில் நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து. கருவியைச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் பாடியோடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். நடுவில் 7, 8-வது ஃப்ரெட் அருகே கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லையென்றால் நெக் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. விரல்கடையில் கால் பங்குக்கு மேல் தெரிந்தால் முன்னோக்கி வளைந்திருக்கிறது. அடுத்து, தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். வளைவைச் சரிசெய்துவிடலாம். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

7. ட்ரஸ் ராட் திரும்புகிறதா? நெக்குக்குள் ஓடும் இந்த இரும்புக் கம்பிதான் வளைவைச் சரிசெய்வது. மலை ஈரத்தில் பல வருடம் கிடந்த கருவியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கலாம். விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பவில்லையென்றால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே அறுந்துவிட்டால் செலவு பெரிது.

8. நெக்கின் அடிப்பகுதியில் தேதி தேடுங்கள். ஃபெண்டர் வகைக் கருவிகளில் நெக்கைப் பாடியோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். அனுமதி கேட்டுக் கழற்றினால், உள்ளே மறைந்திருக்கும் அடிமரத்தில் மாதமும் வருடமும் பெரும்பாலும் கிடைக்கும். 1962-க்கு முன் பென்சிலில், பிறகு ரப்பர் ஸ்டாம்பில். 1976 வரை வரிசை எண் பின்பக்கத் தகட்டிலேயே இருந்தது. தகட்டைக் கழற்றி இன்னொரு கருவிக்கு மாட்டிவிடலாம் என்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

9. வால்யூம் குமிழுக்கு அடியில் ஒரு ரகசியம். குமிழ்கள் இருக்கும் தகட்டைத் திறந்தால், குமிழ் திருப்பும் வட்டமான பாட் ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 1377633. முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர். 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த 76 வருடம், கடைசி 33 வாரம். அதாவது இந்தப் பாட் 1976 ஆகஸ்டில் செய்தது. இது மூலப் பாட் என்றால் கருவி 1972-ல் வந்திருக்க வழியே இல்லை. ஆனால் பாட் பழையது என்பதற்காகக் கருவியும் அதே வருடம் என்று முடிவு கட்டவும் கூடாது. 1966-ல் வாங்கிக் குவித்த பாட்களை ஃபெண்டர் அடுத்த சில ஆண்டுகளும் பயன்படுத்தியது. நெக் தேதி, பாட் எண், வரிசை எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

10. சால்டரையும் திருகுத் துளைகளையும் பாருங்கள். பழைய சால்டர் மங்கி, வயர்களோடு சேர்ந்து வயதாகியிருக்கும். பளபளவென்று புதுச் சால்டர் தெரிந்தால் எதையோ மாற்றியிருக்கிறார்கள். ட்யூனிங் கீ அருகே அடைத்த துளைகள் இருந்தாலும் அதே அர்த்தம். பிக்கப்புக்கு அடியிலும் நெக் பொருந்தும் குழியிலும் வேறு நிறம் எட்டிப் பார்த்தால் கருவிக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

11. மல்டிமீட்டர் வையுங்கள். ரேடியோ ரிப்பேர் செய்பவர் யாரிடமும் இது இருக்கும். குமிழ்களை முழுதாகத் திறந்துவிட்டு, ஜாக்கில் வயர் சொருகி, மறுமுனையில் ஓம் அளவு பாருங்கள். பிரிசிஷன் பிக்கப் 10 முதல் 11 கிலோ ஓம், ஜாஸ் பேஸில் மற்றப் பிக்கப்பின் குமிழை மூடிவிட்டு அளந்தால் ஒவ்வொரு பிக்கப்பும் 7 முதல் 8 கிலோ ஓம் வாக்கில் இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் பிக்கப் சுருள் அறுந்திருக்கலாம். பிறகு ஆம்ப்பில் மாட்டி, நான்கு கம்பிகளையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்துக் கேளுங்கள். குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு வெறும் தூசும் ஈரமும்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும்.

12. கழுத்தில் விரிசல் உண்டா? கிப்சன் வகைக் கருவிகளில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஒருமுறை கீழே விழுந்தாலே தலைக்கும் நெக்குக்கும் நடுவில் முறியும். டார்ச் அடித்து, விரல் நகத்தால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒட்டிய முறிவு வாசிப்பதற்குத் தடையில்லை, விலைக்குத்தான் தடை. அப்படியே தோளில் மாட்டி எடையும் பாருங்கள். 4 கிலோ வாக்கில் இருந்தால் சௌகரியம். 1970-களின் சில கருவிகள் 5 கிலோ வரை போகும். பாடல் ஆராதனை முழுக்க நின்று வாசிப்பவருக்கு அது தோள்வலி.

விலை பேசும்போது

13. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இணையத்தில் யாரோ கேட்டிருக்கும் விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். அதே மாடல், அதே வருடம், அதே நிலையில் உள்ள கருவி கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். அங்கிருந்து கழிக்கத் தொடங்குங்கள். மறுபடி பெயின்ட் அடித்திருந்தாலோ தலை முறிந்து ஒட்டியிருந்தாலோ மதிப்பு ஏறத்தாழ பாதி என்பது இந்தத் துறையின் வாடிக்கைக் கணக்கு. பிக்கப் மாற்றியிருந்தால் அதற்குத் தனிக் கழிவு. ஃப்ரெட் தேய்ந்து ஒழுங்காக மாற்றியிருந்தால் கழிவு சொற்பம். கடைசியில் உங்கள் ரிப்பேர் செலவையும் கழித்தால் கிடைப்பதே நியாயமான விலை.

14. பெட்டி, ரசீது, பழைய போட்டோ எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மூலப் பெட்டிக்கே தனி மதிப்பு உண்டு. இசைக்குழுவில் அந்தக் கருவியோடு நிற்கும் பழைய போட்டோ கருவியின் சரித்திரத்துக்குச் சாட்சி. சரித்திரம் தெரியாத கருவி திருட்டுப் பொருளாகக்கூட இருக்கலாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-ல் திருடு போனது. அது இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்து, உரியவரிடம் திரும்பிய செய்தி 2024-ல்தான் வெளியானது. எத்தனை வருடம் போனாலும் திருட்டுப் பொருள் திருட்டுப் பொருள்தான். விற்பவர் கையெழுத்திட்ட ஒரு தாளாவது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

15. விரல்பலகை என்ன மரம்? கூடலூர்ப் பக்கம் வளரும் ஈட்டி மரத்தை நாம் அறிவோம். ஃபெண்டர் 1959 முதல் பேஸ்களின் விரல்பலகைக்கு ஈட்டியைப் பயன்படுத்தியது. முதலில் வந்தது பிரேசில் ஈட்டி. 1960-களில் அதன் இடத்தை இந்திய ஈட்டி பிடித்துக்கொண்டது. பிரேசில் ஈட்டிக்கு 1992 முதல் சர்வதேச வணிகத் தடை இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்ட முடியாது. இந்திய ஈட்டிக்கு 2017-ல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப நினைத்தால் மரத்தை முதலில் உறுதி செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

16. கரன்ட் விஷயத்தில் கவனம். பழைய பேஸோடு அமெரிக்க ஆம்ப் சேர்ந்து வந்தால் நேராக நம் பிளக்கில் சொருகாதீர்கள். அது 110 முதல் 120 வோல்ட்டுக்கானது, நம்முடையது 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். எர்த் இல்லாத பழைய ஹால்களில் வாசிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிளக் பாயின்ட்டைச் சோதியுங்கள். கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கும்போது எர்த் கோளாறு உயிருக்கே ஆபத்து.

17. மலைக்குளிருக்குப் பழக்குங்கள். சென்னையிலோ கோவையிலோ வாங்கினால் காரின் டிக்கியில் வெயில் காயவிடாமல், கெட்டிப் பெட்டியில் வைத்து மேலே கொண்டு வாருங்கள். வந்ததும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அறையில் வையுங்கள். சட்டென்று குளிர் பட்டால் பழைய நைட்ரோ வார்னிஷ் மெல்லிய கோடுகளாக வெடிக்கும். இரண்டு வாரம் கழித்து 6-வது குறிப்பில் சொன்ன நெக் சோதனையை மறுபடி செய்யுங்கள். மரம் புது ஈரத்துக்கு அசைந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் கருவிக்கு நல்லது. நமக்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது முடிந்ததும் வடகிழக்கு மழை. அதனால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒருமுறை சூடு காட்டி உலர்த்துங்கள். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஓதம் ஏறும். பழைய பங்களாக்களில் கணப்புக்குப் பக்கத்தில் வைப்பது அதைவிட மோசம், மரம் வறண்டு ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். வெயில் முகம் காட்டும் நாளில் பெட்டியை மட்டும் வெளியே காய வையுங்கள், கருவியை அல்ல.

18. துடையுங்கள், மெருகேற்றாதீர்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஃபர்னிச்சர் பாலிஷ், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ரப்பர் பூசிய ஸ்டாண்டில் நாள்கணக்கில் விட்டால் பழைய வார்னிஷ் உருகிக் கறை பிடிக்கும், நடுவே துணி சுற்றுங்கள். முக்கியமாக, 'பழசாகத் தெரிகிறதே' என்று பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் பெயின்ட் வேலையில் கருவியின் பாதி மதிப்பு போய்விடும். ரிப்பேரில் கழற்றிய பழைய திருகு, பாட், பிக்கப் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் பெட்டியோடு வையுங்கள். பின்னால் விற்கும்போது அந்த டப்பாவுக்கும் விலை உண்டு.

உங்கள் வீட்டுப் பரணிலோ தேவாலய ஸ்டோர் அறையிலோ தூசு படிந்த பேஸ் கிதார் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அடுத்த மழை பிடிப்பதற்குள் இறக்கி, பெட்டியை உலர்த்தி, எண்களைக் குறித்து வைத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். விற்பதானாலும் வாசிப்பவருக்கே விற்கப் பாருங்கள். வாசிக்க வாசிக்கத்தான் இந்தக் கருவிகள் நன்றாக இருக்கும்.