வெளிச்சத்தில் வளையும் குச்சி

இந்த மாத அறிவியல் பகுதிக்கு நொதிகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எங்கள் சித்தியின் பாப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன கார்த்திகையில் பாப்பா பிறந்த மூன்றாம் நாள் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிவிட்டது. "காலை வெயில்ல காட்டுனா சரியாப் போயிடும்" என்றார் ஆயா. ஏற்காட்டில் அந்த மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? பத்து மணி வரை எதிர்வீடே தெரியாத பனி. பாப்பா பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. பயந்துபோய் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பாப்பாவின் கண்ணை மட்டும் மூடி, நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்தார்கள். சூடு காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். "சூடு இல்ல கண்ணு, வெளிச்சந்தான் மருந்து" என்றார் நர்ஸ் அக்கா. மூன்றாம் நாள் பாப்பா நன்றாக வீறிட்டு அழுதது. சித்தி சிரித்தார்.

எங்கள் அறிவியல் சார் விளக்கியது இது. பழைய சிவப்பணு சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகும். அது தண்ணீரில் கரையாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் அதைக் கரையும்படி மாற்றி வெளியே அனுப்பும். பிறந்த குழந்தையிடம் அந்த நொதி இன்னும் முழுசாக வேலைக்கு வந்திருக்காது. மஞ்சள் அளவு மீறினால் மூளையில் படியும், காது கேட்காமல்கூடப் போகலாம். நீல ஒளி பட்டால் பிலிருபின் மூலக்கூறு முறுக்கிக்கொண்டு வடிவம் மாறும். மாறியது தண்ணீரில் கரையும், அந்த நொதியின் உதவி இல்லாமலே வெளியேறிவிடும்!

இதை முதலில் கவனித்தவர் ஒரு நர்ஸ். 1956-ல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் ஜீன் வார்டு என்பவர் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோவார். துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததாம். 1958-ல் டாக்டர் கிரெமரும் மற்றவர்களும் விளக்கு சிகிச்சையை வெளியிட்டார்கள். ஆக ஆயா சொன்னது பாதி சரி. ஆனால் வெயிலை அளந்து கொடுக்க முடியாது, மஞ்சள் கூடினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

"அப்படின்னா வெளிச்சத்தை வச்சு ஒரு நொதியையே நிறுத்த முடியுமா சார்?" என்று கேட்டேன். முடியும் என்றார். நொதி ஒரு பூட்டு என்று படித்திருக்கிறோம். பூட்டுத் துவாரத்தில் குச்சியைச் செருகிவிட்டால் சாவி நுழையாது. அந்தக் குச்சி வெளிச்சத்தில் வளைந்தால்?

அப்படி வளைவது அசோபென்சீன். சாயப்பட்டறையில் சொல்கிற 'அசோ' சாயங்களுக்குச் சொந்தக்கார மூலக்கூறு. சாதாரணமாக நேராக இருக்கும், புற ஊதா ஒளி பட்டால் அரிவாள் மாதிரி வளையும், நீல ஒளியில் மறுபடி நிமிரும். வளைந்த வடிவத்தை 1937-ல் ஹார்ட்லி கண்டுபிடித்தார். 1968-ல் அமெரிக்காவில் எர்லாங்கர் குழுவினர் இதைச் சேர்த்து ஒரு தடுப்பு மூலக்கூறு செய்து, கைமோடிரிப்சின் என்ற செரிமான நொதியோடு சோதித்தார்கள். ஒளியால் வடிவம் மாறியதும் தடுக்கும் வேகமும் மாறியது. உடம்பு முழுக்கப் பரவும் மருந்து, வெளிச்சம் காட்டிய இடத்தில் மட்டும் வேலை செய்தால் எவ்வளவு நல்லது!

ஒரு சிக்கல். புற ஊதா ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகாது, கெடுதலும் செய்யும். அதனால் சிவப்பு ஒளியில் வளையும் மூலக்கூறுகளைச் செய்து பார்க்கிறார்கள். ஏன் சிவப்பு? இன்று ராத்திரி கரண்டு போனால் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் எந்த நிறம் வருகிறது என்று நாளைக்கு வந்து சொல்லுங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி